ஒரு நாளிற் காணும் சந்திரகிரி

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஜெர்மன் நாடு சென்று ஆறு திங்கள் பயின்று மீண்ட நம் சங்கத்து இளைஞர் ஒருவர், ஆங்கு ஒரு விடுமுறை நாளில் ஹைடல்பர்க் நகரைக் கண்டு வந்த செய்தியை நம் திங்கட் கூட்டத்தில் விரித்துரைத்தார். நெக்கார் ஆற்றங்கரையில் மலைச்சரிவின்மேல் நிற்கும் சிதைந்த கோட்டையினையும், 1386ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக் கழகத்தினையும், கோட்டையின் நிலவறையில் 1751இல் அமைக்கப்பெற்ற இரண்டு இலட்சம் லிட்டருக்கு மேற்கொள்ளும் மதுப் பீப்பாயினையும் அவர் சொல்லோவியமாகவே தீட்டிக் காட்டினார். கேட்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, சந்திரகிரியைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று வினவினார். "சித்தூருக்குப் பேருந்திற் போகும்போது பார்த்திருக்கிறேன், ஐயா" என்றார் இளைஞர். அவையில் எழுந்த சிரிப்பில் நாமும் கலந்துகொண்டோமாயினும், நம்மில் எத்துணைப் பேர் அவரினும் மிகுதியாகச் சொல்லியிருக்கக் கூடும் என்பது எண்ணத்தக்கதே.

ஹைடல்பர்க் பற்றி அவர் கூறியவற்றுள் ஒரு செய்தி ஈண்டு நமக்கு மிகவும் வேண்டுவது. அக் கோட்டை 1689இலும் 1693இலும் பிரெஞ்சுப் படையினரால் தகர்க்கப்பட்டது. 1764இல் இடி வீழ்ந்து எஞ்சியதும் எரிந்தது. பின்னர் ஊரார் தத்தம் வீடு கட்டுவதற்கு அதன் கற்களைப் பெயர்த்துச் செல்லலாயினர். 1810இல் அங்கு வந்து தங்கிய கிராம்பர்க் என்னும் பிரெஞ்சுப் பிரபு ஒருவரே, இடித்தவர் நாட்டில் பிறந்தவராயிருந்தும், எஞ்சியதைக் காக்க முன்னின்றார். அந் நூற்றாண்டின் இறுதியில் கோட்டையைப் பழையபடி முழுமையாகக் கட்டிவிடவேண்டும் என்றொரு கிளர்ச்சி எழுந்தது. ஒரு பகுதி அவ்வாறு புதுக்கவும்பெற்றது. அப்போது கியோர்க் டெகியோ என்னும் கலை வரலாற்றறிஞர், காத்தல் வேறு, புதிதாய்ப் படைத்தல் வேறு என்று 1901இல் எழுதித் தடுத்தார். சிதைந்தது சிதைந்தபடியே நிற்கட்டும், இல்லாததை இருந்ததாகக் காட்டவேண்டா என்பது அவர் கருத்து. இக் கருத்தினை மனத்திற் கொண்டு நம் அண்டையிலுள்ள கோட்டைக்குச் செல்வோம்.

திருப்பதியிலிருந்து மேற்கே சித்தூர்ச் சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் சந்திரகிரி உள்ளது. காலையிற் புறப்பட்டால் மாலைக்குள் மீண்டுவிடலாம். ஊரை அடுத்து ஏறத்தாழ 180 மீட்டர் உயரமுள்ள பாறைக் குன்று. அதன் அடிவாரத்தைச் சூழ்ந்து வலிய மதில். மதிலுக்குள் இராஜ மகால், இராணி மகால் என வழங்கும் இரு மாளிகைகள். இராஜ மகால் மூன்று நிலைகளையுடையது. செங்கல்லும் கல்லும் சுண்ணச் சாந்துமே கொண்டு மரம் சிறிதும் சேர்க்காமற் கட்டப்பட்டது. வளைவுகள் இசுலாமியக் கட்டட மரபையும், மேலே எழும் சிகரங்கள் நம் கோயிற்கலை மரபையும் காட்டும். சென்னைக் கடற்கரையில் பல்கலைக் கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டிய சிஷோம் என்னும் சிற்ப வல்லுநர், 1883இல் இம் மாளிகையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார் என்பது சென்னையன்பர்கள் அறிந்து மகிழத்தக்கது. இப்பொழுது இம் மாளிகை தொல்பொருள் ஆய்வுத் துறையின் காப்பில் ஓர் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. வெள்ளிக்கிழமைகளில் திறப்பதில்லை.

இம் மாளிகையினுள் நுழையும் எவர்க்கும் முதற்கண் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. "இந்த மண்டபத்தில்தான் 1639ஆம் ஆண்டில் ஆங்கிலேயருக்குச் சென்னைப்பட்டினம் எழுதிக் கொடுக்கப்பட்டது" என்பதே அது. சுற்றுலா வழிகாட்டிகளும் அச்சிட்ட குறிப்புக்களும் இதனையே கூறுகின்றன. நம்மவரும் இதனைக் கேட்டு, 'இங்கிருந்தன்றோ நம் சென்னை பிறந்தது!' என்று பெருமூச்செறிந்து திரும்புகின்றனர். இச் செய்தி எவ்வளவிற்கு உண்மை என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1639இல் ஆங்கில வணிகக் குழுவினரின் சார்பில் பிரான்சிஸ் டே என்பார் பெற்ற உரிமைப் பட்டயத்தின் ஆங்கிலப் படி அக் குழுவினரின் ஆவணங்களிற் கிடைக்கின்றது. அதனை அளித்தவராக அதிற் குறிக்கப்பெறுபவர் தாமர்ல வேங்கடாத்திரி நாயகர். விசயநகரப் பேரரசின்கீழ் வந்தவாசியை இருக்கையாகக் கொண்டு கடற்கரைப் பகுதியை ஆண்டவர் அவர். அவருடைய தந்தையார் சென்னப்பர் பெயராலேயே சென்னப்பட்டினம் வழங்கிற்று என்பர். பட்டயத்தின் நாள் 1639 ஆகஸ்டு 22 எனக் கொள்ளப்படுகின்றது. அவ்விடத்துக் கோட்டை எழுப்பவும், நாணயம் அடிக்கவும், துறைமுக வருவாயிற் பாதியைப் பெறவும் அதில் இசைவு தரப்பட்டது. கோட்டை கட்டும் செலவு நாயகருடையதா ஆங்கிலேயருடையதா என்பதில் பின்னர்ப் பிணக்கு நேர்ந்தது. தாம் அவ்வாறு உறுதி கூறியதில்லை என்று நாயகர் மறுத்துவிட்டார். ஒரு பட்டயத்தைப் பெற்றவர் படித்த விதமும் தந்தவர் நினைத்த விதமும் வேறுபடுதல் உலகத்துப் புதிதன்று.

ஆக, பட்டயம் நாயகருடையது. இது மூலத்தாற் பெறப்படும் உண்மை. அக்காலத்துப் பேரரசனாக இருந்தவன் மூன்றாம் வேங்கடன். அவனுடைய நிலைமை என்ன? வடக்கே கோல்கொண்டாவும் மேற்கே பீசப்பூரும் நெருக்க, தெற்கே நாயக்க மன்னர்கள் திறை மறுக்க, உறவினரே கலகம் விளைக்க, அவன் இடர்ப்பட்ட காலம் அது. பட்டயம் எழுதப்பெற்று மூன்றாண்டு கழித்து, 1642இல், சித்தூரை அடுத்த காடுகளில் ஓடி ஒளிந்திருந்த நிலையில் அவன் உயிர் நீத்தான். ஒளி வீசும் மண்டபத்தில் அரியணை மீதமர்ந்து ஒரு நகரைத் தானம் செய்த வேந்தன் என்று நாம் மனத்தில் தீட்டிக்கொள்ளும் ஓவியத்திற்கும், இம் மாவட்டத்துக் காட்டில் மாண்ட அம் மன்னனுக்கும் எவ்வளவு தொலைவு!

அவனுக்குப் பின் வந்த மூன்றாம் சீரங்கராயன் 1645இல் ஆங்கிலேயர் உரிமையை உறுதிசெய்து கொடுத்தான். அதனைப் பெறுவதற்கு ஹென்றி கிரீன்ஹில் என்பார் சென்ற இடமும் வேலூரே, சந்திரகிரியன்று. அப் பட்டயத்தில் மன்னன் அவ்வூரைத் தன் பெயரால் சீரங்கராயபட்டணம் என்று குறித்தான். அப் பெயர் நிலைக்கவில்லை. மறு ஆண்டிலேயே, 1646இல், சந்திரகிரி கோல்கொண்டாப் படையின் வசமாயிற்று. மூலப் பட்டயம் பொற்றகட்டில் இருந்ததென்றும், 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது அது மறைந்ததென்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. பொற்றகடு இருந்ததோ இல்லையோ, சந்திரகிரி மண்டபத்திற் கையெழுத்தாயிற்று என்பதற்குப் பட்டயத்தின் படியில் ஆதாரமில்லை.

இதனை இவ்வளவு விரித்துக் கூறுவது வழிகாட்டிகளைக் குறை சொல்வதற்கன்று. அவர்கள் கேட்டதைச் சொல்கின்றனர். ஆயின் இக் கதை ஒரு காலத்தில் வெறும் கதையாக நில்லாமல் வழக்காடுவோர் கைக் கருவியாகவும் ஆயிற்று. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைவதற்கு முன் சென்னை யாருக்கு என்று ஒரு பெருங் கிளர்ச்சி நிகழ்ந்ததை முதியோர் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். தெலுங்கு நாயகர் தந்த ஊர் என்று ஒரு சாராரும், தமிழ்க் கல்வெட்டுக்கள் நிறைந்த திருவேங்கடம் வரை எமது என்று ஒரு சாராரும் வரலாற்றைத் தத்தம் பக்கம் இழுத்தனர். ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலானோர் வட எல்லைக்காகப் போராடினர். இறுதியில் 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை மாற்றம் நிறைவேறித் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. அதன்பின் இங்கேயே தங்கி வாழ்ந்த, வாழ வந்த தமிழராகிய நம்மனோர்க்கு, இவ்வூர்களின் வரலாறு வழக்குமன்றத்துச் சான்றாக அன்றி, அன்றாடம் நடமாடும் தெருவின் வரலாறாகவே தெரிந்திருத்தல் வேண்டும். எல்லைகளோ மாறிக்கொண்டேயிருப்பன. 1911 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் பிறப்பதற்கு முன், வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்ததும் இச் சித்தூரே. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் முதல் திருப்பதி தனி மாவட்டமாகி, சந்திரகிரியும் அதனுட் சேர்ந்தது.

நிற்க. அந்த ஒரு கதையை நீக்கிவிட்டால் சந்திரகிரியில் காண்பதற்கு என்ன எஞ்சும் என்று சிலர் வினவக்கூடும். உண்மையில் அக் கதையே ஏனையவற்றை நம் கண்ணினின்று மறைத்து நிற்கின்றது.

இக் கோட்டை யாதவராயர் காலத்தில், ஏறத்தாழ கி. பி. 1000 அளவில் எழுந்தது என்பது வழிவழிச் செய்தி. எனினும் இதன் பெயர் பேரரசு வரலாற்றில் ஓங்கியது பதினைந்தாம் நூற்றாண்டில்தான். சந்திரகிரி இராச்சியம் என்னும் மண்டலத்தை ஆண்ட சாளுவ நரசிம்மன், விசயநகரத்துச் சங்கம மரபு தளர்ந்து போனதைக் கண்டு, 1485இல் அரியணையைத் தானே கைக்கொண்டான். இங்கிருந்த தலைவன் ஒருவன் துங்கபத்திரைக் கரைக்குச் சென்று பேரரசனானான் என்பது, ஒரு பட்டயத்திற் கையெழுத்திட்டதினும் சிறிய செயலோ?

பின்னும் ஒரு செய்தி. கிருட்டிணதேவராயர் பட்டத்திற்கு வந்ததும், தம் தம்பியர் மூவரையும் தமையன் மகனையும் சந்திரகிரிக் கோட்டையில் அடைத்து வைத்தார் என்று 1535ஐ ஒட்டி எழுதிய போர்ச்சுகீசியராகிய நூனிஸ் குறித்துள்ளார். அத் தம்பியருள் ஒருவரே அச்சுததேவராயர். 1529இல் தமையனார் மறைந்ததும், சிறையிருந்த அக் கோட்டையினின்றே அவர் அரசராக வெளிப்போந்தார். விசயநகரத்தை அடைவதற்கு முன்பே திருப்பதியிலும் காளத்தியிலும் அவருக்கு முடிசூட்டு நிகழ்ந்ததாக அறிகின்றோம். இருபது ஆண்டுகள், அம் மதிலுக்குள், வேங்கட மலையின் தொடரை நோக்கியபடி காத்திருந்த ஓர் இளவரசனை இளைஞர்கள் எண்ணிப்பார்த்தல் நன்று. அருங்காட்சியகத்தில் எந்தப் பலகையும் அதனை நமக்காக எண்ணித் தராது.

1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகரம் பாழ்பட, அரசு பெனுகொண்டாவிற்குப் பெயர்ந்தது. அரவீட்டு மரபினனாகிய வேங்கடபதிராயன் (1586 - 1614) 1592 அளவில் சந்திரகிரியைத் தலைநகராக்கினான். பின்னர் வேலூரும் அவன் இருக்கையாயிற்று. 1598இல் மயிலாப்பூரிலிருந்து இயேசு சபைத் துறவியர் சிமோன் த சா என்பாரைத் தலைமையாகக் கொண்டு சந்திரகிரிக்கு வந்தனர். மன்னன் அவர்களை நன்கு வரவேற்றுத் தங்கள் வழிபாட்டிடம் அமைத்துக்கொள்ளவும் இசைந்தான். வைணவப் பற்றில் ஊறிய மன்னன் அவன். அவர்கள் தங்கள் மேலோர்க்கு எழுதிய மடல்கள் ஐரோப்பாவில் அச்சேறின. 1927இல் ஹீராஸ் பாதிரியார் அரவீட்டு மரபினர் வரலாற்றை எழுதியபோது அம் மடல்களே அவருக்குப் பெருந்துணையாயின. ஒல்லாந்தர் பழவேற்காட்டில் வணிகம் செய்ய 1610இல் இசைவு பெற்றதும் இவ் வேங்கடபதியின் ஆட்சியிலேயே. ஐரோப்பியர் வந்து போன தலைநகர் என்னும் பெருமையைச் சந்திரகிரிக்கு ஏற்ற வேண்டுமாயின், ஐயத்திற்கிடமான 1639ஐ விட்டு, எழுத்துச் சான்றுள்ள 1598ஐச் சொல்லலாமே!

வேங்கடபதி இறந்ததும் வழக்கமான துன்பம் தொடங்கியது. அரசுரிமைப் போரில் வாரிசின் குடும்பம் கொலையுண்டதும், தஞ்சை இரகுநாத நாயக்கர் துணையால் எஞ்சிய இளவரசன் முடி பெற்றதும் விரிந்த கதைகள். அதன்பின் கோட்டை கைமாறிக்கொண்டேயிருந்தது. 1758இல் ஆர்க்காட்டு நவாபின் தம்பி அப்துல் வகாபு கானும், 1782இல் ஐதர் அலியும் இதனைக் கொண்டிருந்தனர். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு மைசூர்ப் பிடி விலகியது.

சந்திரகிரியின் உண்மை ஆவணங்கள் சந்திரகிரியில் இல்லை. அவை திருமலையிலும் திருப்பதியிலும் கோயிற் சுவர்களில் உள்ளன. ஆகவே ஒரு நாட் பயணத்தின் பிற்பகலைக் கோயிலுக்கு ஒதுக்குதல் வேண்டும். திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் ஆயிரத்திற்கு மேற்பட்ட கல்வெட்டுக்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழே. தெலுங்கரும் கன்னடருமாகிய மன்னர்கள், அமைச்சர்கள், தண்டநாயகர்கள், ஏவலாளர்கள் ஆகியோர் அளித்த கொடைகளும் இங்குத் தமிழிலேயே பொறிக்கப்பெற்றன. கோயிற் கணக்கின் மொழி அதுவாக இருந்தமையே காரணம். கிருட்டிணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்தார். அவருடைய கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்னும் மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பெற்றுள்ளன. வந்தவர் யாராயினும் தம் மொழியிற் படித்துக்கொள்க என்பது அவ்வேந்தர் கருத்தாகலாம்.

இக் கல்வெட்டுக்களிற் காணப்படும் உலகம் அரண்மனையினும் சுவையுடையது. திருப்போனகத்திற்கு அரிசி இத்துணை, நெய் இத்துணை, பயறு இத்துணை, மிளகும் உப்பும் இத்துணை என நாழிக் கணக்கில் எழுதியுள்ளனர். அப்பப்படி, அதிரசப்படி என்று பணியாரங்களுக்குத் தனித்தனியே கட்டளைகள். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடையளித்தவருக்கு உரியது. அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்பது பெயர். அப் பங்கினைச் சாளுவ நரசிம்மன் தான் உண்ணவில்லை. வழிப்போக்கராகிய வைணவ அடியார்க்கு உணவளிக்கும் இராமாநுச கூடங்களுக்கு அதனைச் சேர்த்தான். கந்தாடை இராமாநுச ஐயங்கார் என்பாரை அவற்றின் பொறுப்பில் அமர்த்தினான். சந்திரகிரி மன்னனின் பெயர் இன்னும் எந்த இடத்தில் உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், இப் பந்திக் கணக்கிலே என்று நாம் துணிந்து கூறுவோம்.

அடியார்கள் அளித்த பொற்காசைக் கோயிலார் பெட்டியிற் பூட்டி வைக்கவில்லை. கோயிலுக்குரிய ஊர்களில் ஏரி திருத்தவும் கால்வாய் வெட்டவும் செலவிட்டனர். அதனால் மிகுந்த விளைச்சலினின்று, கொடையாளி வேண்டிய திருப்போனகம் ஆண்டுதோறும் நடந்தது. இம்முறையினைப் பர்ட்டன் ஸ்டைன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இக் கல்வெட்டுக்களைக் கொண்டு ஆராய்ந்து 1960இல் வெளியிட்ட கட்டுரை உலக அறிஞரிடையே பெயர் பெற்றது. மழை பொய்க்கும் இந் நாட்டில் ஒருவர் நேர்ந்துகொண்ட அதிரசம் ஓர் ஏரிக்கரையை உயர்த்திற்று என்பது எண்ணுந்தோறும் வியப்பளிக்கின்றது.

இக் கல்வெட்டுக்களைப் படியெடுத்து ஆராய்ந்து தேவஸ்தானத் தொகுதிகளாக 1930களில் வெளிவரச் செய்ததில் முதன்மையானவர் சாது சுப்பிரமணிய சாஸ்திரியார். தாள்ளபாக்கம் அன்னமாசாரியர் (1408 - 1503) பாடிய தெலுங்குப் பாடல்கள் செப்பேடுகளிற் பொறித்துத் திருமலையில் வைக்கப்பெற்றுப் பல நூற்றாண்டு மறைந்து கிடந்தன அல்லவா? அவற்றை வெளிக்கொணர்ந்து படிப்பதிலும் உழைத்தவர் இச் சாஸ்திரியாரே. அன்னமாசாரியர் சாளுவ நரசிம்மன் காலத்தவர். இருவருக்கும் நட்பும் பிணக்கும் இருந்ததாகக் கதைகள் உண்டு. தமிழ்க் கல்லையும் தெலுங்குச் செம்பையும் ஒருவரே படித்தார். எந்த மொழி உரியது, எந்த மொழி வந்தது என்று வழக்காடியவர்கள் இருவேறு அணியாகப் பிரிந்து நின்ற அதே நூற்றாண்டில் இப் பணி அமைதியாக நடந்தது.

எனவே நம் சங்கம் வரும் ஆண்டில் மாணவர்க்கு ஒரு நாட் பயணம் ஒழுங்கு செய்யுமாயின், அதனை இவ்வாறு அமைக்கலாம் என்று கருதுகின்றோம். முதல் நாள் மாலையே கல்வெட்டுத் தொகுதிகளில் சாளுவ நரசிம்மன் காலத்ததும் அச்சுதராயர் காலத்ததுமாக நான்கைந்தினை வாசித்துப் பொருள் கூறுதல் வேண்டும். தொகுதிகள் நூலகங்களிற் கிடைக்கும். மறு நாள் வெயில் ஏறுமுன் கோட்டையை அடைந்து, மதிலைச் சுற்றி வந்து, மாளிகையைப் பின்னர்க் காணலாம். வழிகாட்டி 1639 பற்றிச் சொல்லும்போது மறுத்துப் பேசி அவர் மனத்தைப் புண்படுத்த வேண்டா. மாணவர் கையில் நாயகரின் பட்டயப் படியைக் கொடுத்து அவர்களையே படிக்கச் சொன்னாற் போதும். ஹைடல்பர்க் சென்று வந்த இளைஞரே அதனை முன்னின்று நடத்தலாம். பிற்பகலில் திருப்பதிக் கோவிந்தராசர் கோயிற் கல்வெட்டுக்களைக் கண்டு, நேரமிருப்பின் திருமலை ஏறுக. அங்கே பெருவாயிலைக் கடந்ததும் உள்ள மண்டபத்தில் கிருட்டிணதேவராயர் தம் தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்கும் செப்புருவங்கள் உள்ளன. வேங்கடபதிராயனின் செப்புருவமும், அச்சுதராயரும் வரதாசி அம்மையும் நிற்கும் கல்லுருவங்களும் அவ்விடத்திலேயே உள்ளன. வரிசையில் விரைந்து செல்வோர் பெரும்பாலும் அவற்றைக் காண்பதில்லை. சந்திரகிரியிற் சிறையிருந்தவரும் சந்திரகிரியைத் தலைநகராக்கியவரும் ஒரே மண்டபத்தில் நிற்கின்றனர் என்பதை மாணவர்க்கு முன்னரே சொல்லி வைத்தல் நலம்.